மூக்கில் இல்லாதது ரத்தத்தில் இருந்தது

2020 பிப்ரவரி. அந்த நோய்க்குக் கோவிட்-19 என்று உலக சுகாதார நிறுவனம் பெயர் வைத்ததே அந்த மாதம் 11ஆம் தேதிதான். அதற்கு நான்கு நாள் முன்பு, 7ஆம் தேதி, சிங்கப்பூர் அரசு எச்சரிக்கை நிலையை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தியிருந்தது. அன்று மாலையே கடைகளில் அரிசிக்கும் நூடுல்ஸுக்கும் கழிவறைத் தாளுக்கும் கூட்டம் மொய்த்தது. சுகாதார அமைச்சின் முன்னால் இருந்த கவலை வேறு. இரண்டு தேவாலயங்களில் நோய் பரவியிருந்தது. ஒன்றுக்கு மூலம் தெரியும், மற்றதற்குத் தெரியாது.

தெரிந்தது பாய லேபார் பகுதியில் உள்ள லைஃப் சர்ச் அண்ட் மிஷன்ஸ். ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வூஹானிலிருந்து வந்த இரண்டு பயணிகள் போயிருந்தார்கள். அங்கிருந்த சிலருக்கு அவர்களிடமிருந்து தொற்றியது. தெரியாதது கிரேஸ் அசெம்ப்ளி ஆஃப் காட். அங்கே நோயாளிகளின் எண்ணிக்கை வேகமாக ஏறி, நாட்டின் அன்றைய மிகப் பெரிய தொற்றுக் குழுமமாக ஆகிவிட்டது. ஆனால் அதன் முதல் நோயாளிக்கு வூஹானோடும் சம்பந்தமில்லை, அங்கிருந்து வந்த யாரோடும் சம்பந்தமில்லை. அப்படியானால் ஊருக்குள் எவர் கண்ணிலும் படாமல் வைரஸ் சுற்றிக்கொண்டிருக்கிறதா? தொற்றுநோய்த் துறையில் இருப்பவர்களை நடுங்கவைக்கும் கேள்வி இதுதான்.

தடமறியும் பணியாளர்கள் நோயாளிகளிடம் நாள் நாளாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். காவல் துறையினரும் துணைக்கு இருந்தார்கள். கடைசியில் ஒரு தேதியில் வந்து நின்றது விசாரணை. ஜனவரி 25, சீனப் புத்தாண்டு. அன்று நடந்த ஒரு குடும்ப விருந்தில் கிரேஸ் தேவாலயத்தின் முதல் நோயாளியும், லைஃப் சர்ச்சுக்குப் போய்வந்த ஒருவரும் ஒரே இடத்தில் இருந்திருக்கிறார்கள்.

அந்த ஒருவரைத் தேடிப் பிடித்தபோது அவர் நன்றாக இருந்தார். உடம்பு சரியில்லாமல் போய்க் குணமாகியும் விட்டிருந்தது. பிசிஆர் பரிசோதனை செய்தார்கள். 'தொற்று இல்லை' என்று வந்தது. சங்கிலியில் சரியாக அந்த ஒரு கண்ணிதான் விட்டுப்போயிருந்தது. விருந்தில் இருந்தார் என்பது தெரியும். ஆனால் அவருக்கு நோய் வந்திருந்ததா என்பதைக் காட்ட எந்தச் சான்றும் இல்லை. அவருடைய ரத்தத்தை எடுத்து டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வாங் லின்ஃபா தலைமையிலான குழு, ஆண்டுக்கணக்காக வௌவால் வைரஸ்களை ஆராய்ந்துவரும் குழு, புதிய வைரஸுக்கான எதிர்ப்பொருள் சோதனையை அவசர அவசரமாக உருவாக்கி வைத்திருந்தது. மருத்துவமனைகளில் ஆன்டிபாடி என்று சொல்கிறோமே, அதுதான் எதிர்ப்பொருள். அவர் ரத்தத்தில் அது ஏராளமாக இருந்தது.

பிப்ரவரி 25ஆம் தேதி சுகாதார அமைச்சு இதை அறிவித்தது. வூஹான் பயணிகள், முதல் தேவாலயம், புத்தாண்டு விருந்து, இரண்டாம் தேவாலயம் என ஒரே கோடாக இழை ஓடியது. பின்னர் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையின்படி, ஜனவரி 29 முதல் பிப்ரவரி 24 வரை உள்ளூரில் பரவிய 28 பேரின் தொற்று அந்த ஒரே இழையில் கோக்கப்பட்டது. அவர்களில் பிசிஆரால் உறுதிசெய்யப்படாதவர் அந்த ஒருவர் மட்டுமே. கோவிட்-19 காலத்தில் எதிர்ப்பொருள் சோதனை தடமறிதலுக்குக் கைகொடுத்த மிக முந்தைய நிகழ்வுகளில் இது ஒன்று.

இந்தச் சோதனையைப் பற்றி நம் ஊரில் பதிந்திருக்கும் நினைவு முற்றிலும் வேறு மாதிரியானது. அதனால்தான் சிங்கப்பூர்க் கதையிலிருந்து தொடங்கினேன். எதிர்ப்பொருள் சோதனை எதைச் சொல்லும், யாரிடம் செய்தால் சொல்லும், எப்போது செய்தால் சொல்லும் என்ற மூன்றும் அந்த ஒரு மனிதரின் ரத்தக் குழாயிலேயே அடங்கியிருக்கின்றன.

தடயமும் ஆளும்

பிசிஆர் தேடுவது வைரஸின் மரபணுத் துணுக்கை. மூக்கிலோ தொண்டையிலோ அது இருக்கும் நாட்களில் மட்டும்தான் அகப்படும். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். அதற்குப் பிறகு சளி மாதிரியில் ஒன்றும் இருக்காது. எதிர்ப்பொருளின் காலக்கணக்கு இதற்கு நேர் எதிர். நோய் தொடங்கிய முதல் சில நாட்களில் ரத்தத்தில் அது இருக்காது. இரண்டாம் வாரத்தில் தலைகாட்டும், மூன்றாம் வாரம் முடிவதற்குள் ஏறக்குறைய எல்லோரிடமும் தெரிந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் இருக்கும். திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது பிடிப்பது ஒரு வேலை. அவன் போன பிறகு சுவரில் கைரேகை எடுப்பது இன்னொரு வேலை. ஒன்றை வைத்து மற்றதன் வேலையைச் செய்யப் பார்த்தால் இரண்டும் கெடும்.

ஆய்வகத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, மொத்தம் 96 குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு சொட்டு மருந்து ஊற்றும் அளவுதான். குழியின் அடியில் வைரஸின் ஒரு புரதத்தை முன்கூட்டியே பூசி வைத்திருப்பார்கள். அதில் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நீர்த்து விடுவார்கள். சீரத்தில் அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருந்தால் அடியில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்ளும். தட்டைக் கழுவினால் பற்றாதவை எல்லாம் போய்விடும். பிறகு, மனித எதிர்ப்பொருளையே தேடிப் பிடிக்கும் இன்னொரு பொருளை ஊற்றுவார்கள். அதன் வாலில் ஒரு நொதி கட்டியிருக்கும். மறுபடியும் கழுவுவார்கள். கடைசியாக நிறமற்ற ஒரு திரவம். நொதி இருக்கும் குழியில் மட்டும் அது நீலமாகும். அமிலம் ஒரு துளி விட்டால் நீலம் மஞ்சளாக மாறி நின்றுவிடும். மஞ்சளின் அடர்த்தியைக் கருவி எண்ணாகப் படித்துச் சொல்லும். இதற்குப் பெயர் எலைசா. எச்ஐவி முதல் டெங்கு வரை பல நோய்களுக்கு நம் ஊர் ஆய்வகங்களில் அன்றாடம் நடக்கும் வேலைதான்.

அந்தச் சிங்கப்பூர் மாதிரியை 400 மடங்கு நீர்த்த பிறகும் மஞ்சள் அடர்த்தியாகவே நின்றது. கருவி காட்டிய அளவு 1.4க்கு மேல். வைரஸின் ஒரு புரதத்தோடு நிறுத்தாமல் இரண்டை வைத்துப் பார்த்தார்கள். ஒன்று வைரஸின் மரபணுவைச் சுற்றியிருக்கும் உட்புரதம். இன்னொன்று, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளில், நம் செல்லைப் பற்றும் நுனிப்பகுதி. இரண்டிலும் ஒரே விடை.

அதோடும் அவர்கள் நிற்கவில்லை. உயிருள்ள வைரஸையும் அந்தச் சீரத்தையும் கலந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் செல்களின் மேல் ஊற்றிச் சில நாட்கள் காத்திருந்தார்கள். எதிர்ப்பொருள் வைரஸை முடக்கினால் செல்கள் பிழைக்கும், இல்லாவிட்டால் செத்து உதிரும். 320 மடங்கு நீர்த்த சீரமும் வைரஸை முடக்கியது. உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில் மட்டுமே செய்யக்கூடிய, மெதுவான, ஆபத்தான சோதனை இது.

ஒரே ஒருவருக்காக ஏன் இத்தனை பாடு? முதல் நிறத்தை நம்பிவிட முடியாது என்பதால்தான். சாதாரணச் சளிக்காய்ச்சலைத் தரும் கொரோனா வைரஸ்கள் நான்கு உண்டு. நம்மில் பெரும்பாலானவர்கள் சிறுவயதிலேயே அவற்றைச் சந்தித்திருப்போம். அவற்றுக்கான எதிர்ப்பொருள் புதிய வைரஸின் புரதத்தையும் தவறிப்போய்ப் பற்றிக்கொள்ளலாம். 2003இல் சார்ஸ் வந்துபோன ஊர் வேறு அது. 238 பேருக்கு நோய், 33 மரணம். சார்ஸ் வைரஸ் புதியதற்கு நெருங்கிய உறவு. ஆக, மஞ்சள் நிறம் ஒரு சந்தேகத்தைத்தான் தரும். அதைத் தீர்மானமாக ஆக்கியவை மூன்று. இரண்டாவது புரதம், வைரஸை முடக்கிய சோதனை, இவை இரண்டையும்விட முக்கியமாக, அவர் எங்கே போனார், யாரோடு இருந்தார், எப்போது உடம்பு சரியில்லாமல் போனார் என்று தடமறியும் பணியாளர்கள் எழுதி வைத்திருந்த குறிப்பு. மூன்றும் ஒரே திசையைக் காட்டின.

ஒரே கிட், இரண்டு விடை

இந்த மூன்றாவது விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சோதனையின் தரம் கிட்டுக்குள் மட்டும் இல்லை, கையை நீட்டி உட்கார்ந்திருப்பவர் யார் என்பதிலும் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். தொற்று வந்துபோன 100 பேரில் 90 பேரைச் சரியாகக் காட்டும், வராத 100 பேரில் 5 பேரைத் தவறாக 'வந்தது' என்று காட்டும் ஒரு கிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மோசமான கிட் இல்லை. இதை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் தொற்று வந்துபோன ஊரில் வழியில் போகிற 10,000 பேரைச் சோதிக்கிறோம். உண்மையில் தொற்றியவர்கள் 100 பேர், அவர்களில் 90 பேர் அகப்படுவார்கள். தொற்றாத 9,900 பேரில் 495 பேருக்கும் 'ஆம்' என்று வரும். 'ஆம்' வந்த 585 பேரில் உண்மையானவர்கள் 90 பேர்தான். ஆறு பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை.

அதே கிட்டை நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்தவர்களிடம் கொண்டுபோகிறோம். அவர்களில் ஐந்தில் ஒருவருக்குத் தொற்றியிருக்கிறது என்று கொள்வோம். 10,000 பேரில் 2,000 பேருக்குத் தொற்று, அகப்படுவது 1,800. மீதி 8,000 பேரில் தவறாக வருவது 400. இப்போது 'ஆம்' வந்த 2,200 பேரில் 1,800 பேர் உண்மையானவர்கள். ஐந்தில் நான்கு. கிட் மாறவில்லை, அதன் பேச்சின் மதிப்பு மாறிவிட்டது.

2020 ஏப்ரலில் இந்தியாவில் நடந்தது நினைவிருக்கும். சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் துரித எதிர்ப்பொருள் கிட்டுகள் வந்து இறங்கின. மாநிலங்களுக்குப் பங்கிட்டுத் தரப்பட்டன. சில நாட்களிலேயே ராஜஸ்தான், விடைகள் தப்பும் தவறுமாக வருகின்றன என்று கையை உயர்த்தியது. ஏப்ரல் 27ஆம் தேதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இரண்டு நிறுவனங்களின் கிட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. தமிழ்நாடும் திருப்பி அனுப்பியது. கிட்டுகளின் தரம் மோசம் என்பது உண்மை. ஆனால் பேசப்பட்டதெல்லாம் கிட்டின் விலையும் தரமும் மட்டுமே. பிசிஆருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாம் என்ற எதிர்பார்ப்பு பரவலாக இருந்ததே, அதைப் பற்றிப் போதுமான பேச்சு நடக்கவில்லை என்பது என் ஆதங்கம். நல்ல கிட்டாக இருந்திருந்தாலும், நேற்றுக் காய்ச்சல் தொடங்கியவரிடம் அது 'இல்லை' என்றுதான் சொல்லியிருக்கும். அந்தக் கசப்பில் எதிர்ப்பொருள் சோதனை என்றாலே ஏமாற்று என்ற எண்ணம் பலருக்குத் தங்கிவிட்டது.

7,770 பேர், தினம் மூன்று தொலைபேசி அழைப்பு

சிங்கப்பூர் அந்தச் சோதனையை எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. தேவாலயக் கதை அளவுக்கு அது வெளியே பேசப்படவில்லை. என் கணிப்பில் அதைவிடப் பெரியது.

நோயாளியிடமிருந்து இரண்டு மீட்டருக்குள், 30 நிமிடம் அல்லது அதற்கு மேல் இருந்தவர்களை நெருங்கிய தொடர்பில் இருந்தவர்கள் என்று அந்த நாடு கணக்கில் எடுத்தது. 2020 ஜனவரி 23 முதல் ஏப்ரல் 3 வரை, 1,114 நோயாளிகளோடு தொடர்புள்ள 7,770 பேர் இப்படிப் பட்டியலில் வந்தார்கள். ஒரே வீட்டினர் 1,863 பேர், வேலையிடத்தில் 2,319 பேர், மற்றபடிப் பழகியவர்கள் 3,588 பேர். எல்லோரும் 14 நாள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். தினம் மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டு, காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்டார்கள். அறிகுறி சொன்னவர்களுக்குப் பிசிஆர். உலகமே மெச்சிய ஏற்பாடு அது. இப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 188 பேர்.

பிறகு ஆய்வாளர்கள் இந்தப் பட்டியலிலிருந்து 1,150 பேரின் சம்மதம் பெற்று, ரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் பார்த்தார்கள். யாரோடு எவ்வளவு நேரம், எப்படிப் பழகினீர்கள் என்று விரிவாகக் கேள்வியும் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வந்த விடை இது: அறிகுறி இருந்தால்தான் பிசிஆர் என்ற முறையில், உண்மையான தொற்றுகளில் 62 சதவீதம் கண்ணில் படாமல் போயிருக்கிறது. தொற்றியவர்களில் 36 சதவீதத்தினருக்கு எந்த அறிகுறியுமே இல்லை.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிகுறியே இல்லாதவர்கள் 36 சதவீதம் என்றால், தப்பியது 62 ஆனது எப்படி? லேசான தொண்டைக் கரகரப்பு, ஒரு நாள் உடம்பு வலி என வந்து போனதைப் பொருட்படுத்தாதவர்களும் சொல்லாமல் விட்டவர்களும் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். தினம் மூன்று முறை கேட்டும் இவ்வளவு. கேட்க ஆளே இல்லாத ஊர்களில் என்னவாகியிருக்கும்! அந்தப் 14 நாள் தனிமைப்படுத்தல் எவ்வளவு பெரிய அணையாக நின்றது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. கண்டுபிடிக்கப்படாத அந்த 62 சதவீதத்தினரும் தனிமைப்படுத்தலில்தான் இருந்தார்கள்.

ரத்தம் இன்னொன்றையும் சொன்னது. தொற்றியவர்கள் யார் என்ற முழுப் பட்டியல் கைக்கு வந்ததால், எந்தப் பழக்கம் தொற்றைக் கொண்டுவந்தது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. ஒரே வீட்டினரில், நோயாளியோடு ஒரே அறையில் படுத்தவர்களுக்குத் தொற்று வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. நோயாளி அரை மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் பேசியிருந்தால் அந்த வாய்ப்பு ஏழு மடங்கைத் தாண்டியது. வெளியே பழகியவர்களில், ஒரே வண்டியில் போனவர்களுக்கு மூன்று மடங்கு. ஆனால் சேர்ந்து சாப்பிடுவதும், ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதும், நேரடியாக நெருங்காத தொடர்பும் தனியாக எடுத்துப் பார்த்தால் தொற்றோடு சேரவில்லை. தட்டையும் குழாயையும் கிருமிநாசினி விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில், பேச்சுதான் வாகனம் என்று சொன்ன ஆய்வு இது. பிசிஆரில் அகப்பட்ட 188 பேரை மட்டும் வைத்திருந்தால், அறிகுறி இல்லாதவர்கள் எல்லோரும் 'தொற்றாதவர்' பக்கத்தில் போய் உட்கார்ந்து கணக்கையே குழப்பியிருப்பார்கள்.

இந்த வழி கோவிட்டோடு பிறந்ததில்லை. இன்னொரு கொரோனா வைரஸ் தரும் மெர்ஸ் நோய் சவூதி அரேபியாவில் பரவியபோது, கிறிஸ்டியன் டிராஸ்டன் என்ற ஜெர்மானிய வைரஸ் ஆய்வாளரின் குழுவும் சவூதி மருத்துவர்களும் 26 நோயாளிகளின் வீட்டினர் 280 பேரைப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், தொற்றியிருக்கக்கூடியவர்கள் 12 பேர். பிசிஆரில் அகப்பட்டவர்கள் 7 பேர், எதிர்ப்பொருளில் மட்டும் அகப்பட்டவர்கள் 5 பேர். அதற்கும் முன்னால், 2003இல் சார்ஸ் நோயாளிகளைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் வருமுன் கவனித்த சிங்கப்பூர் மருத்துவமனைப் பணியாளர்களில் 7.5 சதவீதம் பேர் ஓர் அறிகுறியும் இல்லாமல் தொற்றுக்கு ஆளாகியிருந்தது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அவர்களிடம் எதிர்ப்பொருளின் அளவும் குறைவாக இருந்தது. இது ஒரு எச்சரிக்கையும்கூட. நோய் லேசாக வந்தவர்களிடம் தடயமும் லேசாகத்தான் இருக்கும். தாமதித்தால் அதுவும் தேய்ந்துவிடும்.

எப்போது எடுப்பது, எதை எடுப்பது

நெருங்கிப் பழகியவரிடம் ரத்தத்தை ஒரு முறை எடுப்பதைவிட இரண்டு முறை எடுப்பது மேல். தொடர்பு தெரிந்த அன்றே ஒன்று, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று. முதல் மாதிரியில் இல்லாத எதிர்ப்பொருள் இரண்டாவதில் வந்திருந்தாலோ, இருந்தது நான்கு மடங்காக ஏறியிருந்தாலோ, இந்தச் சந்திப்பில்தான் தொற்றியது என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரே ஒரு மாதிரி, 'எப்போதோ வந்தது' என்பதோடு நின்றுவிடும். நடைமுறையில் முதல் மாதிரி எடுப்பதே அரிது. பதற்றமான நாளில் உடம்பில் நோயே இல்லாதவரிடம் போய்க் கையை நீட்டச் சொல்வதற்குப் பொறுமையும் விளக்கிச் சொல்லும் ஆளும் வேண்டும்.

இன்று இந்தச் சோதனை 2020ஐ விடச் சிக்கலாகிவிட்டது. தடுப்பூசி போட்ட ஏறக்குறைய எல்லோர் ரத்தத்திலும் முள்புரதத்துக்கான எதிர்ப்பொருள் இருக்கிறது. கோவிஷீல்டு போட்டவருக்குத் தடுப்பூசியிலிருந்து வருவது முள்புரத எதிர்ப்பொருள் மட்டும். ஆகவே அவரிடம் உட்புரத எதிர்ப்பொருள் இருந்தால் அது நோயிலிருந்து வந்தது என்று பிரித்துவிடலாம். கோவேக்சினோ, இலங்கையில் பரவலாகப் போடப்பட்ட சினோஃபார்மோ போட்டுக்கொண்டவரிடம் அது நடக்காது. அவை கொல்லப்பட்ட முழு வைரஸால் ஆனவை என்பதால் இரண்டு வகையும் தடுப்பூசியிலிருந்தே வரும்.

சோதனை வேகமும் கூடியிருக்கிறது. உயிருள்ள வைரஸ் இல்லாமலே, வைரஸின் முள் நுனி நம் செல்லின் புரதத்தோடு ஒட்டுவதை எதிர்ப்பொருள் தடுக்கிறதா என்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடும் முறையை வாங் லின்ஃபா குழு 2020 ஜூலையில் வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அவசர அனுமதி கொடுத்தது. சாதாரண ஆய்வகத்திலும் செய்யலாம்.

விடுதிகளில் எண்ணப்பட்டவர்கள்

தமிழர்கள் இந்தக் கதைக்குள் நேராக வரும் இடம் இனிமேல்தான். சிங்கப்பூரின் கட்டடங்களையும் சுரங்கப் பாதைகளையும் கப்பல் பட்டறைகளையும் கட்டிக்கொண்டிருக்கும் வெளிநாட்டு ஊழியர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். வங்கதேசத்தவர்களும் அப்படியே. 2020 ஏப்ரல் 5ஆம் தேதி, பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியும் தோ குவானில் உள்ள வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தல் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. பிறகு மற்ற விடுதிகளும் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. ஒரே அறையில் பத்துப் பேருக்கு மேல், இரண்டு அடுக்குக் கட்டில்கள், பொதுக் குளியலறை, பொதுச் சமையல். நெருங்கிய தொடர்பு என்பதற்கு இரண்டு மீட்டர், 30 நிமிடம் என்று வகுத்த இலக்கணம் அங்கே பொருளிழந்துபோயிற்று. எல்லோருமே எல்லோருக்கும் நெருங்கிய தொடர்பு. ஒரே அறையில் படுப்பது எவ்வளவு ஆபத்து என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னதை அவர்கள் உடம்பால் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

விடுதிகளில் பிசிஆரோடு எதிர்ப்பொருள் சோதனையையும் பெருமளவில் செய்தார்கள். 2020 டிசம்பர் நடுவில் எண்கள் வெளிவந்தன. விடுதிகளில் இருந்த ஏறக்குறைய 3,23,000 ஊழியர்களில் பிசிஆரில் தொற்று உறுதியானவர்கள் 54,505 பேர். ஆறு பேரில் ஒருவர். பிசிஆரில் அகப்படாமல், எதிர்ப்பொருளில் மட்டும் தொற்று வந்துபோனது தெரிந்தவர்கள் 98,289 பேர். கூட்டினால் 1,52,794 பேர், அதாவது 47 சதவீதம். ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர்.

அந்த 98,289 பேர் நாட்டின் அன்றாட நோயாளிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. எதிர்ப்பொருள் பழைய தொற்றைக் காட்டுவது, இப்போது பரப்பும் நோயாளியைக் காட்டுவதில்லை என்பது அதற்கான காரணம். விஞ்ஞானப்படி அது சரிதான். தனியாகவாவது எண்ணி வெளியிட்டார்களே என்று அந்த அரசைப் பாராட்டவும் வேண்டும். அந்த அளவுக்குத் தன் தொழிலாளர்களின் ரத்தத்தைப் பார்க்காத நாடுகளில் இந்த எண் என்னவென்றே எவருக்கும் தெரியாது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. காய்ச்சல் வந்ததோ வராததோ, சளி மாதிரி கொடுத்ததோ கொடுக்காததோ, ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மனிதர்கள் உலகம் அஞ்சிய நோயைத் தாண்டி வந்திருக்கிறார்கள், பலருக்கு அது தெரியாமலே. புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ இருந்து கைப்பேசியில் கூப்பிட்ட மனைவியிடம் 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று மனமறிந்து உண்மை சொன்னவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்!

எதிர்ப்பொருள் இருந்ததால் கதவு திறந்துவிடவும் இல்லை. எதிர்ப்பொருளை வைத்து 'இவருக்கு இனி நோய் வராது' என்று சான்றிதழ் கொடுக்க ஆதாரம் போதாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரல் 24ஆம் தேதியே சொல்லியிருந்தது. அந்த எச்சரிக்கை நியாயமானது. உருமாறிய வைரஸ்கள் வந்தபோது அது சரியென்றும் ஆயிற்று. என்றாலும் சிங்கப்பூரில் மற்றவர்கள் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் போய்வரத் தொடங்கிய பிறகும் விடுதி ஊழியர்கள் வேலையிடத்துக்கும் விடுதிக்கும் இடையில்தான் இருந்தார்கள். இரண்டில் ஒருவர் ஏற்கெனவே தொற்றைக் கடந்துவிட்ட விடுதிகளுக்கும், தொற்றே அதிகம் படாத ஊருக்கும் விதிகள் இப்படி வேறுபட்டு நீண்டதற்கு ரத்தப் பரிசோதனை காரணம் சொல்லாது. அதை முடிவுசெய்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2021 செப்டம்பர் 13ஆம் தேதி ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. தடுப்பூசி போட்டுக்கொண்ட விடுதி ஊழியர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவுக்கும் கேலாங் சிராய் கடைப்பகுதிக்கும் போய்வரலாம். போகும் முன் ஒரு பரிசோதனை, திரும்பி வந்து மூன்றாம் நாள் இன்னொன்று.